தம்ப் டிரைவில் லினக்ஸ் போடுமுன் மற்ற டிஸ்கையெல்லாம் கழற்றுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாத பலர் அதன்பின் இலவச இயங்குதளமான லினக்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழுதுபார்க்க வரும் லேப்டாப்புகளோடு இப்போது அழிந்துபோன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குகளும் வரத் தொடங்கிவிட்டன.

கடைசியாக வந்தது சிங்கப்பூர் ஈசூனிலிருந்து. காலமான அப்பாவோடு எடுத்த தீபாவளிப் படங்களும் அக்கா கல்யாண வீடியோவும் அந்த ஒரே டிஸ்கில்தான். வேறு எங்கும் பிரதி இல்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி, லினக்ஸின் ஒரு வகையான மின்ட்டை லேப்டாப்பில் நிறுவுவதற்காகத் தம்ப் டிரைவில் எழுதும்போது, அந்த டிரைவைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் பக்கத்தில் செருகியிருந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்துவிட்டார். “அண்ணே, மின்ட்டை மட்டும்தானே காப்பி பண்ணேன், மத்ததெல்லாம் எப்படிப் போச்சு?” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. காப்பி பண்ணவில்லை, தம்பி. ஐஎஸ்ஓ என்று நீங்கள் இறக்குவது ஒரு முழு டிஸ்கின் அச்சு. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை, கணினியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஐஎஸ்ஓவை எழுதும் மென்பொருள்களான எட்சரும் டிடியும் அதை டிஸ்கின் முதல் செக்டரிலிருந்து அப்படியே எழுதுகின்றன. அங்கே ஏற்கெனவே என்ன இருந்தது என்று அவை பார்ப்பதே இல்லை. அதே வேலைக்கான ரூஃபஸ் செய்யும் விதம் கொஞ்சம் வேறு, ஃபார்மட் செய்துவிட்டுக் கோப்புகளைப் போடும். உங்கள் படங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறோம் என்று நினைக்கிறீர்கள். நடப்பதோ முழு பிளாக்கையும் இடித்துக் கட்டும் என்-பிளாக்.

“மின்ட் 3 ஜிபிதானே, டிஸ்க் 1 டெராபைட் ஆச்சே, மீதி இடத்தில் படம் இருக்காதா?” இதையும் கேட்கிறார்கள். இருக்கும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் விவரம் போய்விட்டதே! அந்தத் தம்பியின் டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்தது. அதில் அந்த விவரங்கள் பெரும்பாலும் ஆரம்பப் பகுதியில்தான் இருக்கும், சரியாக அந்த இடத்தின் மேல்தான் மின்ட் உட்கார்ந்துவிட்டது. ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி நிறைய படங்களை மீட்டோம். எதற்கும் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, எல்லாம் ஒரே குவியல். கல்யாண வீடியோ கிடைக்கவில்லை.

இதே தவறான எண்ணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஐஎஸ்ஓவைத் தம்ப் டிரைவுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு “பூட் ஆகவில்லை, டிரைவ் கெட்டுப்போச்சு” என்று வருவார்கள். டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. இழுத்துப் போட்டால் போதும் என்று நண்பர் சொன்னது வென்டாய் என்ற மென்பொருளைப் பற்றி. அதையும் முதலில் ஒருமுறை டிரைவில் நிறுவ வேண்டும், அப்போது அதுவும் எல்லாவற்றையும் அழிக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? தொடங்குமுன் எழுத வேண்டிய டிரைவைத் தவிர மற்ற எல்லா யுஎஸ்பி டிஸ்கையும் கையால் கழற்றிவிடுங்கள். வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். D:, E: போன்ற டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள்: 16 ஜிபி டிரைவ் 1 டெராபைட் என்று காட்டாது. ரூஃபஸ் வெளி ஹார்ட் டிஸ்குகளைச் சாதாரணமாகப் பட்டியலில் காட்டாது. அதைக் காட்டச் சொல்லும் பெட்டியில் நீங்களே போய் டிக் போடாதீர்கள். டிடி ஒரு வார்த்தை கேட்காது, எழுதிவிடும். ‘டிஸ்க் டெஸ்ட்ராயர்’ என்று அதற்குச் செல்லப்பெயரே உண்டு.

இறக்கிய கோப்பு மாற்றப்படாத அசல்தானா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்திலேயே புகுந்து பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றியிருந்தார்கள்.

யூடியூபில் யாரோ சொன்னார் என்று, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைக்காதீர்கள். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவும் மின்ட்டும் பெரும்பாலான மெஷின்களில் அது இருக்கும்போதே பூட் ஆகும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட விண்டோஸில் அதை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சாவியை முதலில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். கம்பெனி லேப்டாப்பா? தொடவே வேண்டாம், ஐடி துறையிடம் பேசுங்கள்.

லினக்ஸை நிறுவாமல் தம்ப் டிரைவிலிருந்தே லைவ் முறையில் திறந்து அதிலேயே ரெஸ்யூமே தட்டாதீர்கள். மாற்றங்களை டிரைவிலேயே சேமிக்கும் பெர்சிஸ்டன்ஸ் அமைக்காவிட்டால் அணைத்ததும் போய்விடும்.

தவறான டிஸ்கில் எழுதிவிட்டீர்களா? உடனே கழற்றுங்கள். விண்டோஸ் “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரோ கொடுத்த மென்பொருளை அதே டிஸ்கில் போட்டுப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. மேலே எழுதப்பட்ட பகுதி எத்தனை வெள்ளி கொடுத்தாலும் திரும்பாது. மீதியையாவது காப்பாற்றலாம், நீங்கள் இன்னும் எழுதாமல் இருந்தால்.

வேலை முடிந்தபின் தம்ப் டிரைவ் விண்டோஸில் சில எம்பி மட்டும் காட்டினால் குப்பையில் போடாதீர்கள். விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் கருவியில் க்ளீன் கட்டளை கொடுத்து மறுபடி ஃபார்மட் செய்தால் முழு அளவும் வரும். அதற்கும் டிஸ்க் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் மற்றதெல்லாம் கழன்றே இருக்கட்டும்.