டேப் பார்த்துவிடும்

மணப்பெண் கவுன் தைக்க எங்கள் கடைக்கு வருகிறவர்கள் போனில் காட்டும் படங்களில் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கல்யாணம் ஒன்றாவது இருக்கும். "அக்கா, கேட் போட்ட மாதிரி கை முழுக்க லேஸ் வேணும்" என்பார்கள். டயானா கவுன் பேச்சு வந்தால் மட்டும் எல்லாரும் ஒரே வார்த்தை: "கசங்கிப் போச்சே!"

கசங்கியது உண்மைதான். டயானா கல்யாணம் 1981 ஜூலை 29. கவுன் டேவிட், எலிசபெத் இமானுவேல் என்ற இளம் தம்பதி தைத்தது. தந்த நிற சில்க் டஃபெட்டா என்ற மொடமொடப்பான பட்டு, பின்னால் தரையில் இழுபடும் 25 அடி டிரெயில். டஃபெட்டாவில் ஒருதரம் மடிப்பு விழுந்தால் தட்டிவிட்டுப் போகாது. அதைக் கண்ணாடிக் கோச்சுக்குள் அப்பாவும் மகளும் உட்கார்ந்த இடம் போக மீதியில் சுருட்டி வைத்தால் என்ன ஆகும்? செயின்ட் பால்ஸ் தேவாலய வாசலில் இறங்கும்போது உலகமே பார்த்தது. ஆள் அளவோடு வண்டி அளவையும் எடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. டிரெயில் கேட்பவர்களிடம், எந்தக் காரில் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்காமல் நான் கத்தரி வைப்பதில்லை.

ஆனால் அந்தக் கவுனில் என்னை உறுத்துவது கசங்கல் இல்லை, இடுப்பு. ஒவ்வொரு ட்ரையலுக்கும் டயானாவின் இடுப்பு குறைந்துகொண்டே வந்ததை இமானுவேல் தம்பதி பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மேல்பகுதியைத் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். கடைசியில் 23 அங்குலம். 1995-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் டயானாவே தனக்கு புலிமியா இருந்ததைச் சொன்னார். அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தியெடுத்து வெளியேற்றும் நோய் அது. 1981-இல் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு, அதனால் தைத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். இன்று எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள். முதல் அளவில் இடுப்பு 30. ஐந்து வாரம் கழித்து ட்ரையலில் 27½. "இன்னும் பிடிங்கக்கா, கல்யாணத்துக்குள்ள 26 ஆக்கிருவேன்" என்றாள் சந்தோஷமாக. குண்டூசி குத்தும்போது அவள் வலது கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. விரல் கணுக்களின் மேல் சின்னச் சின்னத் தழும்பு, காய்ப்பு மாதிரி. அன்றைக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை. வாடிக்கையாளரான ஒரு டாக்டரம்மாதான் பிறகு விளக்கினார்: தொண்டைக்குள் விரல் விடுகிறவர்களுக்குப் பல் பட்டுப்பட்டு அந்த இடத்தில் தழும்பு விழும். அடுத்த ட்ரையலுக்கு அவளைத் தனியாக வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், பிறகு அழுதாள். கவுனை நான் மேற்கொண்டு பிடிக்கவில்லை. முதுகில் ஜிப்பை எடுத்துவிட்டுக் கயிறு கோத்துக் கட்டுகிற மாதிரி மாற்றினேன். உடம்பு கூடினாலும் குறைந்தாலும் அது பொருந்தும். அந்த டாக்டரம்மாவைப் பார்க்க அவளே போனாள்.

2018 மே மாதம் இளவரசர் ஹாரியைக் கட்டியபோது மேகன் போட்ட கவுனை "தொளதொளன்னு இருக்கு" என்று சொன்னவர்கள் நிறைய. அதை வடிவமைத்த கிளேர் வெய்ட் கெல்லர், துணியை மூட்டும் தையல் வெறும் ஆறே வருகிற மாதிரி முடித்திருந்தார். லேஸ் இல்லை, முத்து இல்லை, பிசகை மறைக்க ஒன்றுமே இல்லை. அந்தத் தளர்ச்சி எனக்குப் பிடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மூச்சு விடலாம், சாப்பிடலாம்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது அதே ஆண்டு அக்டோபர் 12-இல் வின்ட்சரில் எலிசபெத் ராணியின் பேத்தி யூஜினி தன் கல்யாணத்துக்குப் போட்டது. பீட்டர் பிலாட்டோ, கிறிஸ்டோபர் டி வோஸ் இருவரின் கைவண்ணம். யூஜினிக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் இருந்தது. 12 வயதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்தத் தழும்பு தெரியவேண்டும் என்று அவர் கேட்க, முதுகை இறக்கி வெட்டினார்கள். தலையில் நெட்டும் போடவில்லை. முதுகு இறங்கிய கவுனுக்குப் பிடிமானம் குறைவு, தோள் நழுவப் பார்க்கும். இவர்கள் தோளைச் சுற்றி மடிப்பைக் கொண்டுபோய்ப் பின்னால் இறக்கியதில், அந்த மடிப்பே தழும்புக்குச் சட்டம் போட்டது போல நின்றது.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு நேர்மாறாகச் செய்வோம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது ஒரு தோள் இறங்கியிருக்கும், பாவாடை ஒரு பக்கம் தூக்கும். தோளில் பேட் வைத்து, விளிம்பை ஏற்றி இறக்கிச் சரிக்கட்டிவிடுவோம். தாய்க்குத் தெரியவே தெரியாது. அப்படி மறைத்துத் தைப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த இறங்கிய தோள் முதுகெலும்பு வளைவதன் அடையாளமாக இருக்கலாம். வளைவு வேகமாகக் கூடுவது பிள்ளை வளரும் அந்த வயதில்தான். உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் பிரேஸ் போட்டு அது கூடாமல் தடுக்க முடிவதும் வளர்ச்சி நிற்பதற்குள்தான். ஸ்கூல் பை தூக்கி வந்தது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணமே பிடிபடுவதில்லை. பிள்ளையைக் குனிந்து இரண்டு கையையும் தொங்கவிடச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் அளவு நோட்டில் இப்போது தோளுக்கு இரண்டு கட்டம்: இடது, வலது. வித்தியாசம் அரை அங்குலத்தைத் தாண்டினால், அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் துணியை விரிக்கிறேன்.