சிங்கர்-சாங்ரைட்டர்னா பாடலாசிரியர் இல்லீங்க

நேத்து மறுபடியும் பார்த்தேன், சில்யே நெர்கோர் பத்தின ஒரு குறிப்புல "நார்வே நாட்டுப் பாடகி மற்றும் பாடலாசிரியை"ன்னு. எத்தனாவது தடவைன்னு எண்ணிக்கையே விட்டுப்போச்சு. சிங்கர்-சாங்ரைட்டருக்கு எல்லாரும் இதைத்தான் எழுதுறாங்க, ஆனா தப்பு, அதுவும் இவங்க விஷயத்துல முழுத் தப்பு.

சொல் வந்த கதை சின்னது. தானே பாட்டு உண்டாக்கித் தானே பாடுறவங்களுக்கு இங்கிலீஷ்ல 1960களோட கடைசியிலயும் 70கள்லயும் பரவுன பேரு. அங்க சாங்னா வரியும் மெட்டும் சேர்ந்ததுதான். நார்வேக்காரங்க லோட்ஸ்க்ரீவர்ம்பாங்க, லோட்னா பாட்டு, அது ஒலிக்கிறதுங்கிற வினையோட உறவு, அதனால அதுல மெட்டுதான் முன்னாடி நிக்குது.

நம்ம ஊர்ல பாடலாசிரியர்னா யாரு? வரி எழுதுறவர் மட்டும்தான். சினிமா அப்படிப் பிரிச்சுப் பழக்கிடுச்சு, கண்ணதாசனைப் பாடலாசிரியர்னு சொல்வோம், எம்.எஸ்.வி.யைச் சொல்லவே மாட்டோம். இப்ப நெர்கோரோட 2001 ஆல்பம் 'அட் ஃபர்ஸ்ட் லைட்'டை எடுத்துக்கங்க. அதுல 'பீ ஸ்டில் மை ஹார்ட்' பாட்டுக்குப் பேர் போட்டிருக்கிறதைப் பாருங்க: மெட்டு நெர்கோர், வரி மைக் மெக்கர்க். அவங்க இங்கிலீஷ் பாட்டுல பெரும்பாலானதுக்கு வரி அந்த மனுஷன்தான். டோர்ட் குஸ்தாவ்சன் பியானோவை மெல்லத் தொட்டுட்டுப் போக, அவசரமே இல்லாம இறங்கி வருதே அந்த மெட்டு, அதைக் கட்டினவங்களுக்கு அந்தப் பெருமையைக் குடுக்காம, எழுதாத வரிக்கு ஆசிரியைன்னு பட்டம் குடுத்தா ரெண்டு பேருக்குமே அநியாயம் இல்லையா?

சிலர் வாக்கேயகாரர்னு போடச் சொல்றாங்க. நல்ல சொல்தான், தியாகராஜருக்குப் பொருந்தும், ஆனா அதுலயே வாக்குங்கிற வரியும் இருக்கு கேயம்ங்கிற இசையும் இருக்கு, ரெண்டும் ஒருத்தரோடதா இருக்கணும். வரியும் மெட்டும் தானே எழுதுற இன்னொரு நார்வேப் பாடகி காரி ப்ரெம்னெஸுக்கு வேணா சரி, நெர்கோருக்கு ஒட்டாது. தவிர கச்சேரி மேடை வாசனை வேற அடிக்கும்.

எனக்குப் புதுச்சொல்லே வேணாம். பாட்டுக் கட்டுறது, மெட்டுக் கட்டுறதுன்னு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு, கும்மிக்கும் கூத்துக்கும் அப்படித்தானே சொல்வோம். பொதுவா "பாட்டுக் கட்டிப் பாடுபவர்", மெட்டு மட்டும் சொந்தம்னா "மெட்டுக் கட்டிப் பாடுபவர்". நீளமா இருக்குன்னு சொல்லுவாங்க, இருக்கட்டுமே, பொய்யா இல்லையே.

மொழிபெயர்க்கிறவங்க மேல எனக்குக் கோவமே இதுதான், நடுவுல கோடு இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் அகராதியைப் பார்த்து ஒவ்வொரு சொல், ஒட்டுறதுக்கு ஒரு "மற்றும்", அந்த ஆள் நிஜமா என்ன பண்றார்னு ஒரு பாட்டு கூடக் கேக்குறதில்ல. கேட்டுட்டு எழுதினா இப்படி வரும்: "சில்யே நெர்கோர், 1966ல பிறந்தவர், நார்வேக்காரர். 1990ல பேட் மெத்தனியோட கிட்டாரோட பாப்ல அறிமுகமாகி, 90கள் நடுவுல தாய்மொழியில பாடி, 2000லேர்ந்து ஜாஸுக்கு வந்த, மெட்டுக் கட்டிப் பாடும் பாடகி."