அரிசிப் பையை எறியாதீர்கள்: பூஞ்சண நஞ்சும் ஐரோப்பியச் சட்டமும்

போன மாரியில் ஒரு 20 கிலோ புழுங்கலரிசிப் பையை வாளிக்குள் கொட்டும்போது, கடைசியில் கைப்பிடியளவு கட்டி ஒன்று விழுந்தது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம், மூக்கைத் துளைக்கும் மக்கல் மணம். கடையில் போய்ச் சொன்னேன். "அக்கா, அதை எறிஞ்சுபோட்டு மிச்சத்தை ரெண்டு தரம் கழுவி அவியுங்கோ, ஒண்டும் செய்யாது" என்றார் தம்பி.

நல்ல மனதோடு சொன்னார், ஆனால் அது பிழை. அரிக்கன் சட்டியில் அரித்தால் கல் போகும், மண் போகும். மணிக்குள் ஊறிய அஃப்லாடொக்சின் போகாது. அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சண வகை விடும் நஞ்சு அது. சோறு வேகிற 100 பாகை வெப்பம் அதை அழிக்கப் போதாது. பூஞ்சணம் செத்த பிறகும் நஞ்சு மணியிலேயே கிடக்கும், நிறத்திலும் ருசியிலும் காட்டாது.

ஒருநாள் சோற்றில் ஆள் விழுவதில்லை. வருடக்கணக்காகச் சேர்வதுதான் ஆபத்து. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தாக்குவது ஈரலை. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 30 மடங்கு. இரண்டு நேரமும் சோறு தின்னும் நாங்கள் இதைக் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பது? ஒக்ராடொக்சின் என்ற இன்னொன்றும் உண்டு, அது சிறுநீரகத்துக்குக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/915 இலக்க ஒழுங்குவிதிப்படி, கடையில் விற்கும் அரிசியில் கிலோவுக்கு அஃப்லாடொக்சின் பி1 என்ற வகை 2 மைக்ரோகிராமுக்கும், எல்லா அஃப்லாடொக்சின் வகைகளும் மொத்தமாக 4 மைக்ரோகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது. ஒரு கிராம் நஞ்சு 500 தொன் அரிசியில் சமமாகக் கலந்தால் வருவதுதான் அந்த 2 மைக்ரோகிராம். குழந்தை உணவில் பி1 எல்லை 0.1 மட்டுமே. இந்தியாவில் தானியத்துக்கு மொத்த எல்லை 15. அங்கே சட்டப்படி சரியான அரிசி இங்கே ஐரோப்பியத் துறைமுகத்தில் திருப்பப்படுவது அதனால்தான்.

வயலிலும் களஞ்சியத்திலும் மட்டும் வருவதல்ல இது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கப்பலில் கொள்கலன் பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உட்கூரை வியர்த்துப் பைகளின் மேல் சொட்டும். நனைந்த மூலையில் மட்டும் நஞ்சு ஊறும், பக்கத்துப் பை சுத்தமாக இருக்கும். அதனால் பெரிய தொகுதிகளில் அதிகாரிகள் 100 இடங்களில் அள்ளி, 10 கிலோ மாதிரி சேர்த்துச் சோதிக்கிறார்கள். அப்படியும் எல்லாத் தொகுதியும் சோதிக்கப்படுவதில்லை.

பிடிபட்டால் 1979 முதல் இயங்கும் ஆர்.ஏ.எஸ்.எஃப்.எஃப். என்ற அவசர எச்சரிக்கை வலை மூலம் மற்ற நாடுகளுக்குச் செய்தி போகும். இந்திய, பாகிஸ்தானிய பாஸ்மதி அரிசிகள் அதில் அஃப்லாடொக்சினுக்காக வந்திருக்கின்றன. அந்த வலையின் பொதுப் பக்கத்தை யாரும் பார்க்கலாம். வியாபாரப் பெயர், தொகுதி எண் வேண்டுமானால் ஜெர்மனியில் லெபென்ஸ்மிட்டல்வார்னுங், பிரான்சில் ரப்பெல் கொன்சோ தளங்களில் தேடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டின் 178ஆம் இலக்கச் சட்டப்படி, யாரிடம் வாங்கினோம், எந்த வியாபாரிக்குக் கொடுத்தோம் என்று சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். பாதுகாப்பற்றதை மீளப்பெறுவது இறக்குமதியாளர் பொறுப்பு. பையில் அவர் பெயர், முகவரி, தொகுதி எண், திகதி எல்லாம் அந்த நாட்டவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். பெரிய மூட்டையை உடைத்து, ஒன்றும் ஒட்டாத வெள்ளைப் பையில் மலிவாகக் கட்டி விற்கும் அரிசியை வாங்காதீர்கள். அதில் பிழை வந்தால் மேலே தேடிப்போக வழியில்லை.

எனக்கு அன்று நடந்ததும் அதுவே. கட்டி கையில் இருந்தது, பையோ ஏற்கெனவே குப்பைக்குப் போய்விட்டது. தொகுதி எண் இல்லாமல் நகரசபை உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நான் எதைச் சொல்வது? இப்போது எண்ணும் முகவரியும் உள்ள துண்டை வெட்டி, வாளி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். பூஞ்சணம் கண்டால் அந்தப் பை அரிசி முழுவதையும் சமைக்காமல் கட்டி வைத்து, துண்டையும் கடை பில்லையும் சேர்த்து முறைப்பாடு கொடுங்கள். பிரான்சில் இருப்பவர்கள் சிக்னல் கொன்சோ என்ற அரச முறைப்பாட்டுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.