லினக்ஸ் வன்பொருள் மதிப்புரைத் தளம்: எந்தச் சிப், எந்தக் கர்னல், எந்தத் தேதி?

லினக்ஸில் வேலை செய்யும் வைஃபை அடாப்டர் எது என்று தேடினால், டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் இன்றும் கண்ணில் படும். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏத்தரோஸ் ஏஆர்9271 சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையமான கர்னலிலேயே உண்டு. செருகினால் போதும், வேலை செய்யும். இரண்டாம் பதிப்பில் அந்தச் சிப்பை எடுத்துவிட்டு ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ் சிப்பை வைத்தார்கள். பொருளின் பெயர் மாறவில்லை. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்தான் ஒரே அடையாளம். பழைய பாராட்டுகளைப் படித்துப் புதிய பதிப்பை வாங்கியவர்கள், எங்கெங்கோ கிடைத்த டிரைவரை மூல நிரலிலிருந்து தாங்களே கம்பைல் செய்தார்கள். கர்னல் புதுப்பிக்கப்பட்டதும் அது உடைந்துபோகும், மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

பாராட்டி எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. சிப் எது, பதிப்பு எது, எந்தக் கர்னலில் சோதித்தோம் என்ற மூன்று விவரங்களை எழுதாமல் விட்டார்கள். லினக்ஸ் பயனருக்காக வன்பொருள் மதிப்புரைத் தளம் தொடங்க நினைப்பவர்கள் இந்த மூன்றையும் தளத்தின் அஸ்திவாரமாக வைக்க வேண்டும். விண்டோஸ் உலகில் பொருளோடு டிரைவரைத் தருவது தயாரிப்பாளரின் பொறுப்பு. லினக்ஸில் அந்த டிரைவர் பெரும்பாலும் கர்னலோடுதான் வருகிறது. அதனால் ஒரே பொருள் இந்த மாதம் வேலை செய்யாமல் இருந்து ஆறு மாதம் கழித்து வேலை செய்யலாம். இது தலைகீழாகவும் நடக்கும்.

மீடியாடெக்கின் எம்டி7925 என்ற வைஃபை 7 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டிரைவர் கர்னல் 6.7-இல்தான் சேர்ந்தது. லினக்ஸ் வகைகளில் டெபியன் 12 வந்தது 6.1 கர்னலுடன், உபுண்டு 24.04 வந்தது 6.8 உடன், டெபியன் 13 வந்தது 6.12 உடன். ஆகவே அந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் டெபியன் 12-ஐ அப்படியே நிறுவினால் வைஃபை இருக்காது, உபுண்டு 24.04-இல் இருக்கும். ‘வைஃபை வேலை செய்யவில்லை’, ‘வைஃபை நன்றாக இருக்கிறது’ என்று இரண்டு தளங்கள் எழுதினால் இரண்டும் உண்மைதான். கர்னல் எண் இல்லாவிட்டால் இரண்டுமே வாசகருக்குப் பயனில்லை. இதேபோல் இன்டெல் ஏஎக்ஸ்210-க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921-க்கு 5.12 என்று ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு வாசல் எண் உண்டு. மதிப்புரையின் முதல் பத்தியிலேயே அந்த எண் இருக்க வேண்டும். கர்னல் மட்டும் போதாது என்பதும் நினைவிருக்கட்டும். பெரும்பாலான வைஃபை, கிராஃபிக்ஸ் சிப்களுக்கு ஃபர்ம்வேர் கோப்பும், அதாவது சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருளும், தேவை. புதிய கர்னலும் பழைய ஃபர்ம்வேர் தொகுப்பும் சேர்ந்தால் டிரைவர் ஏறும், சிப் எழாது.

சோதனை மேசை

ஆரம்பத்தில் பெரிய முதலீடு வேண்டாம். எம்.2, பிசிஐஇ இடங்கள் தாராளமாக உள்ள ஒரு டெஸ்க்டாப், நான்கு சிறிய எஸ்எஸ்டிகள், சுவர்ப் பிளக்கில் செருகும் வாட் மீட்டர், அறைக்கு ஒரு வெப்பமானி, நிலையான மின்சாரத்துக்கு ஒரு யுபிஎஸ் இருந்தால் தொடங்கலாம். நான்கு எஸ்எஸ்டிகளில் டெபியன் நிலைப் பதிப்பு, உபுண்டு எல்டிஎஸ், ஃபெடோரா, ஆர்ச் என்று ஆளுக்கு ஒன்று. ஒரே டிஸ்க்கில் நான்கையும் பார்ட்டிஷன் போட்டு வைக்காதீர்கள். பூட்லோடர்கள் ஒன்றையொன்று மேலெழுதும். அதோடு டிஸ்க்கின் நிறைவு அளவு மாற மாற, சேமிப்பகச் சோதனைகளின் எண்களும் மாறும்.

பொருள் கைக்கு வந்ததும் இயக்குவதற்கு முன்பே லேபிளைப் படம் எடுங்கள். மாடல் எண், பதிப்பு எண், தயாரிப்பு மாதம் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பத்துடன் ஓட்டுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, நான்கு இலக்கம் என்ற வடிவில் அடையாள எண் வரும். எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்பதும் கீழேயே வரும். யுஎஸ்பி சாதனங்களுக்கு எல்எஸ்யுஎஸ்பி. கர்னலின் பதிவேட்டை டிமெசேஜ் கட்டளையில் பாருங்கள். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி அங்கே இருந்தால், பாதிப் பிரச்சினைக்குக் காரணம் அப்போதே கிடைத்துவிடும்.

பயாஸ் பதிப்பையும் எழுதி வையுங்கள். எல்விஎஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபர்ம்வேர் சேவை மூலம் ஃபர்ம்வேர் தரும் நிறுவனம் என்றால் எஃப்டபிள்யுஅப்டி கருவி கொண்டு லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கலாம். அந்த வசதி இருக்கிறதா இல்லையா என்பதே மதிப்புரையில் தனியாக எழுத வேண்டிய செய்தி. பயாஸைப் புதுப்பிக்க விண்டோஸை நிறுவியாக வேண்டும் என்றால் வாங்குபவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

லேப்டாப்பில் தடுக்கி விழும் இடங்கள்

பிராசசர் வேகத்தைப் பத்து வரைபடங்களில் காட்டிவிட்டுத் தூக்க நிலையை ஒரே வரியில் முடிக்கும் மதிப்புரைகள் ஏராளம். லினக்ஸில் லேப்டாப் வாங்குபவரை அதிகம் அலைக்கழிப்பது தூக்க நிலைதான். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற ஆழ்ந்த உறக்கம் இருந்தது. புதியவற்றில் பெரும்பாலும் எஸ்2ஐடில் என்ற மேலோட்டமான உறக்கம் மட்டுமே. சிஸ் அடைவுக்குள் பவர் என்பதன் கீழ் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைத் திறந்தால் எது கிடைக்கிறது, எது தேர்வாகியிருக்கிறது என்பது தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மீதமுள்ள ஆற்றலைக் காட்டும் எனர்ஜி_நவ் எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடியை மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். திறந்ததும் மறுபடி அந்த எண்ணைப் பாருங்கள். அது மைக்ரோவாட்-மணியில் இருக்கும். சில லேப்டாப்கள் சார்ஜ்_நவ் என்று மைக்ரோஆம்பியர்-மணியில் தரும். அப்படியானால் மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். 50 வாட்-மணி பேட்டரியில் 45 இருந்தது 41 ஆனால், எட்டு மணி நேரத்தில் 4 வாட்-மணி போயிருக்கிறது. அதாவது சராசரி அரை வாட், ஓர் இரவுக்கு 8 சதவீதம். அதைப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். 45 இருந்தது 25 ஆனால் இயந்திரம் உறங்கவே இல்லை. பைக்குள் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. ஏதோ ஒரு பாகம், பெரும்பாலும் ஒரு எஸ்எஸ்டியோ யுஎஸ்பி சாதனமோ, சிஸ்டத்தை ஆழ்நிலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

ஒரு முறை உறங்கி எழுந்தால் போதாது. ஆர்டிசிவேக் கட்டளையால் ஒரு நிமிடம் உறங்கி எழும்படி இருபது சுற்று ஓட்டுங்கள். ஏழாவது சுற்றில் வைஃபை வராமல் போவது, பதினோராவதில் திரை கறுப்பாகவே இருப்பது போன்றவை அப்போதுதான் வெளிப்படும்.

அடுத்தது கேமரா. அண்மைக் காலத்து மெல்லிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் கேமரா யுஎஸ்பி வழியாக இணைவதில்லை, ஐபியு6 என்ற படச் செயலி வழியாக இணைகிறது. அதற்கான அடிப்படை டிரைவர் கர்னல் 6.10-இல்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி டிரைவர் வேண்டும், பயனர் பக்கத்தில் லிப்கேமரா என்ற மென்பொருளும் வேண்டும். கைரேகைக்கு, லிப்எஃப்பிரிண்ட் மென்பொருள் ஆதரிக்கும் சாதனங்களின் பட்டியலில் அடையாள எண்ணைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் அந்த லேப்டாப்பில் கைரேகை இல்லை என்றே எழுதிவிடலாம். வெளித்திரையைச் செருகிக் கழற்றுவது, ஒளி கூட்டும் பொத்தான், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி, செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயங்கும்போது வெளி டிரைவர் ஏறுகிறதா என்பவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

சேமிப்பகம்: ஐந்து நிமிடச் சோதனை ஏமாற்றும்

2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை ஹார்ட் டிஸ்க்குகள் பற்றி எழுந்த சர்ச்சை, இந்தத் துறையில் எழுதுபவர் யாரும் மறக்கக் கூடாதது. நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்பகப் பெட்டிகளுக்கு என்று விற்கப்பட்ட அந்த வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்களில் எஸ்எம்ஆர் தொழில்நுட்பம் இருந்தது. விவரத் தாளில் அது சொல்லப்படவில்லை. எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டும். சிறிது எழுதினால் தனி இடத்தில் தாங்கிக்கொள்ளும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் பழுதான டிஸ்க்கை மாற்றி முழுத் தரவையும் திரும்ப எழுதும்போது அந்த இடம் நிரம்பி, டிஸ்க் பதில் சொல்லாமல் தேங்கும். மென்பொருள் அதைப் பழுதென்று கருதி வெளியே தள்ளிவிடும். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் இஎஃப்ஆர்எக்ஸ் என்பதிலிருந்து இஎஃப்ஏஎக்ஸ் ஆனதுதான் வெளியில் தெரிந்த மாற்றம். சில நிமிட வேகச் சோதனையில் இது பிடிபடாது.

எஸ்எஸ்டியிலும் இதே நீதிதான். காலியான டிஸ்க்கின் ஒரு பகுதி எஸ்எல்சி கேஷ் என்ற தற்காலிக இடமாக இருந்து வேகமாக எழுதும். அது தீர்ந்ததும் உண்மை முகம் தெரியும். குறிப்பாக, ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி டிஸ்க்குகள் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கும் கீழே இறங்கக்கூடும். எஃப்ஐஓ என்ற வேகச் சோதனைக் கருவியில் டைரக்ட் என்பதை 1 ஆக வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது ரேமின் வேகத்தை. நொடிக்கு ஒரு முறை வேகத்தைப் பதிவு செய்யச் சொல்லி, டிஸ்க்கின் பாதிக்கு மேல் நிரம்பும்வரை எழுத விடுங்கள். வேகம் எந்த ஜிபியில் செங்குத்தாக விழுகிறது என்ற வரைபடம் எந்தச் சராசரி எண்ணையும்விடப் பயனுள்ளது. பிறகு 80 சதவீதம் நிரப்பி வைத்து 4 கிலோபைட் துண்டுகளில் சீரற்ற வாசிப்பை வரிசை ஆழம் 1-இல் (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை) ஓட்டுங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு நெருக்கமான எண் அதுதான். மலிவான பென்டிரைவ், மெமரி கார்டு என்றால் முதலில் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 கருவி. 1 டிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 32 ஜிபிதான் இருக்கலாம்.

மதிப்புரைகள் வந்தபின் அதே மாடல் பெயரில் மலிவான சிப்புகளை உள்ளே வைத்து விற்கும் வழக்கமும் 2021-இல் பல நிறுவனங்களிடம் அம்பலமானது. அனுப்பி வைக்கும் மாதிரியை மட்டும் நம்பாமல், சில மாதம் கழித்துக் கடையில் ஒன்று வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எண்களை எப்படி எழுதுவது

மைக்கேல் லாராபெல் 2004 ஜூனில் தொடங்கிய ஃபோரோனிக்ஸ் என்ற லினக்ஸ் வன்பொருள் தளம் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணங்களில் ஒன்று, அதன் சோதனைக் கருவியே எல்லோர் கையிலும் இருப்பது. 2008-இல் வெளியான ஃபோரோனிக்ஸ் டெஸ்ட் சூட் கட்டற்ற மென்பொருள். ஒரு சோதனையைப் பல முறை ஓட்டி, முடிவுகளுக்கிடையே பிசிறு அதிகமானால் தானாகவே மேலும் ஓட்டும். முடிவை ஓப்பன்பெஞ்ச்மார்க்கிங் தளத்தில் ஏற்றினால் கிடைக்கும் அடையாளத்தைக் கொண்டு, வாசகர் தன் கணினியில் அதே சோதனையை ஒரே கட்டளையில் ஓட்டி ஒப்பிடலாம். புதிய தளம் தனக்கென்று ரகசிய மதிப்பெண் முறை கண்டுபிடிப்பதைவிட இதைப் பயன்படுத்துவதே நல்லது. பத்துக்கு எட்டரை என்ற மதிப்பெண்ணை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

ஒப்பிடும் இரண்டு இயந்திரங்களிலும், பிராசசர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிபியு கவர்னர் ஒன்றாக இருக்க வேண்டும். 2018 முதல் வந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் வகைப் பிராசசர் ஓட்டைகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்றில் அவற்றை அணைத்துவிட்டு மற்றதில் விட்டுவைத்தால் அது ஒப்பீடே அல்ல.

வெப்பத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். 22 பாகை ஏசி அறையில் 78 பாகை காட்டும் பிராசசர், சென்னையின் மே மாதத்தில் 35 பாகை அறையில் அதே மின்சாரத்தை எரித்தால் 90-ஐத் தாண்டும். அங்கே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆகவே அறையின் வெப்பத்தைக் குறிப்பிடுங்கள், முடிவை ‘அறைக்கு மேல் 56 பாகை’ என்றும் சேர்த்து எழுதுங்கள். வாட் மீட்டர்கள் ஐந்து வாட்டுக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. லேப்டாப்பின் சும்மா இருக்கும் செலவை அளக்க பேட்டரி எண்களையே பயன்படுத்துங்கள்.

காசும் நம்பிக்கையும்

ஆனந்த்டெக் என்ற வன்பொருள் மதிப்புரைத் தளம் 1997-இல் தொடங்கி, ஆழமான சோதனைகளுக்குப் பெயர் பெற்று, 2024 ஆகஸ்டில் நின்றுபோனது. தரம் மட்டுமே செலவை ஈட்டித் தராது. லினக்ஸ் வாசகர்களில் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் ஏராளம் என்பதால் விளம்பர வருமானத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். ஃபோரோனிக்ஸும் விளம்பரமில்லாத கட்டணச் சந்தா வைத்திருக்கிறது. செலவைக் குறைக்க நிலைத்த பக்கங்களாலான தளமே போதும். டேட்டாபேஸ் வேண்டாம், ஹேக் ஆகும் வழியும் குறையும்.

நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததா, திருப்பித் தர வேண்டியதா, சொந்தக் காசில் வாங்கியதா, இணைப்பின் வழி வாங்கினால் கமிஷன் உண்டா என்பதைக் கட்டுரையின் தலைப்புக்கு அடுத்தே எழுதுங்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன.

கோளாறு கண்டால் கட்டுரையோடு நிறுத்தாமல் கர்னலின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவிலோ, அந்தந்த டிரைவரின் பக்கத்திலோ பதிந்து, இணைப்பைக் கட்டுரையில் கொடுங்கள். திருத்தம் எப்போது வந்தது என்று வாசகரே பின்தொடரலாம். பதிவேடுகளை வெளியிடும் முன் மேக் முகவரி, சீரியல் எண், பயனர் பெயர் ஆகியவற்றை அழியுங்கள்.

ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய உபுண்டு வரும்போது, கையில் இருக்கும் சாதனங்களை மறுபடி சோதிக்கும் வாரம் என்று ஒதுக்கி வையுங்கள். முடிவு மாறியிருந்தால் பழைய வரியை அழிக்காதீர்கள். ‘6.8-இல் கேமரா இல்லை’ என்ற வரிக்குக் கீழே புதிய தேதியும் புதிய கர்னல் எண்ணும் இட்டு அடுத்த வரியை எழுதுங்கள். பழைய கர்னலிலேயே இருப்பவருக்கு அந்த முதல் வரி இன்னும் தேவைப்படும்.