ஆபரேஷன் செய்தால் பந்து வேகமாகப் போகாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது கேஸ். 21 வயதுப் பையன், கல்லூரி பேஸ்பாலில் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவன். அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்டில், ஒரு மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்) அணி அவனை எடுத்தது. நவம்பரில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறான், வலது முழங்கையை முழுசாக நீட்ட முடியவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியை இடது கையால் திருகுகிறான். முழங்கையின் உட்பக்க ஜவ்வு கிழிந்திருப்பது எம்ஆர்ஐ-யில் தெளிவாகத் தெரிகிறது. அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஆபரேஷன் பண்ணிட்டா முன்னைவிட வேகமா வீசுவான், இல்லையா சார்?"

ஒரு பிசியோதெரபிஸ்டாக இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வது! இங்கே அமெரிக்காவில் சனிக்கிழமை மைதானங்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது பிட்ச் செய்கிறார்கள். அதனால் ஒரு தடவை தமிழிலும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஆபரேஷனுக்கு ஊர் வைத்த பெயர் 'டாமி ஜான்'. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு அதை முதன்முதலில் செய்தார். ஜான் 1976-இல் ஆட்டத்துக்குத் திரும்பி வந்து, அதன்பின் 164 ஆட்டங்களை வென்றார். உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிவைத்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு போல ஒன்று புடைத்து நிற்கும். (சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, பயப்பட வேண்டாம்.) அதையோ தொடையிலிருந்து ஒரு தசைநாணையோ எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு, கிழிந்த ஜவ்வின் இடத்தில் கோத்துக் கட்டுகிறார்கள். அறுந்த கொடிக்கயிற்றுக்குப் பதில் வேறு கயிறு கட்டுவது மாதிரிதான். இதில் வேகம் எங்கிருந்து வரும்? வேகம் காலில் கிளம்பி, இடுப்பு, முதுகு, தோள் என்று ஏறி வருகிறது. அந்த விசையில் முழங்கை திறந்துகொள்ளாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் ஜவ்வின் வேலை.

"ஆனா அவன் வேகமாத்தானே திரும்பி வந்தான்?" என்று உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள். வந்திருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னால் பாதி கிழிந்த ஜவ்வோடு வேகம் குறைந்து வீசிக்கொண்டிருந்திருப்பான். நீங்கள் ஒப்பிடுவது அந்த வேகத்தோடு. பிறகு 12 முதல் 18 மாதம் கால், இடுப்பு, தோள் என்று தினமும் பயிற்சி. 19 வயது உடம்பு 21 ஆகி முறுக்கேறியிருக்கும். அந்தப் பயிற்சியைக் கையில் கத்தி படாமலே செய்திருக்கலாமே! பழைய நிலைக்குத் திரும்பாமல் போனவர்களின் பெயரை யாரும் என்னிடம் சொல்வதில்லை. ஒரு முறை மாற்றிய ஜவ்வு ஆயுசுக்கும் தாங்கும் என்றும் இல்லை. மேஜர் லீக் பிட்ச்சர் ஜேக்கப் டிகிராம் 2010-இல் ஒரு முறை, 2023-இல் இன்னொரு முறை ஆபரேஷன் செய்துகொண்டார்.

சரி, இந்தப் பையனுக்கு எப்படிக் கிழிந்தது? கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் வரை போகும். அணியின் முதல் பிட்ச்சர் வெள்ளிக்கிழமைதோறும் வீசுவான். டிராஃப்ட் வரும்போது அந்த வருஷத்துக்கான உழைப்பைக் கை கிட்டத்தட்ட முடித்திருக்கும். அதனால்தான் அணி இவனை இரண்டு மாதம் பந்தைத் தொட வேண்டாம் என்றது. இவனுக்கோ தன்னை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பயம். யாருக்கும் தெரியாமல் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்து, வாரம் மூன்று நாள் எடை கூட்டிய பந்துகளை ரேடார் கன் முன்னால் முழு வேகத்தில் வீசியிருக்கிறான். மணிக்கு 93 மைல் 96 ஆனது. பத்தாவது வாரம் சுண்டுவிரல் மரத்துப்போனது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் (முழு வேகத்தில் வீசும் பந்தின்) சராசரி வேகம் 2008-இல் 91.3 மைல், 2024-இல் 94.2. இளைஞர்கள் இதைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். ஆனால் இந்த வேக வெறியும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதும்தான் காயங்களுக்குப் பெரிய காரணம் என்று 2024 டிசம்பரில் வெளியான மேஜர் லீகின் சொந்த அறிக்கையே சொல்கிறது.

ஓய்வு கொடுத்தால் ஒதுக்குகிறார்கள் என்று நினைக்கும் பெற்றோர் பிட்ச்சர் பால் ஸ்கீன்ஸைப் பாருங்கள். 2023 டிராஃப்டின் முதல் தேர்வு. அந்த வருஷம் கல்லூரியில் 122 இன்னிங்ஸுக்கு (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது) மேல் வீசியிருந்தார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை எடுத்த பிறகு அந்த சீசனில் மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் 7 இன்னிங்ஸ்கூட வீச விடவில்லை. அடுத்த வசந்தத்தில் மைனர் லீகின் உச்சப் படியான டிரிபிள் ஏ-யிலும் பந்துகளை எண்ணி எண்ணித்தான் கொடுத்தார்கள். 2024 மே 11-இல் மேஜர் லீகில் இறங்கினார். அவ்வளவு சீக்கிரம் வருவது அபூர்வம். சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏற இரண்டு, மூன்று வருஷமாவது பிடிக்கும். 2010-இல் ஒன்பதாம் சுற்றில் எடுக்கப்பட்ட டிகிராம் மேலே வந்தது 2014-இல். அந்த வருஷங்கள் வீண் போவதில்லை. வாரம் ஒரு முறை வீசிய கை, ஐந்து ஆறு நாளுக்கு ஒரு முறை வீசப் பழக வேண்டும். சேஞ்ச்அப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) படிய வேண்டும். பஸ்ஸில் தூங்கி எழுந்தும் ஒழுங்காகச் சாப்பிடப் பழக வேண்டும்.

பெற்றோரே, அணி கொடுத்த அட்டவணைக்கு வெளியே ஒரு பந்துகூட வேண்டாம். தனிப் பயிற்சியாளர் வேண்டுமென்றால் அணியிடம் சொல்லிவிட்டு வையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பந்து வீசும் மேடேறக் கூடாது, ஒரு நாள்கூட. முன்கை இறுகுகிறது, வார்ம் அப் ஆக வழக்கத்தைவிட நேரமாகிறது, பந்து குறி தவறி மேலே போகிறது, கடைசி இரண்டு விரல் மரக்கிறது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே டிரெய்னரிடம் சொல்ல வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வேகம் குறையும் முன்பே பலருக்குக் குறி தவறத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்த பையனிடம் "எத்தனை மைல்?" என்று கேட்பதைத் தயவுசெய்து கொஞ்ச நாள் விடுங்கள். "கை எப்படிப்பா இருக்கு?" என்று கேளுங்கள்.

விரல் மரத்த அன்றே இந்தப் பையன் சொல்லியிருந்தால், பந்தைக் கீழே வைக்கச் சொல்லிச் சில வாரம் ஓய்வு கொடுத்துப் பார்த்திருப்போம். இப்போது டிசம்பரில் ஆபரேஷன். அடுத்த சீசன் முழுக்க அவன் பெயர் காயப் பட்டியலில்தான் இருக்கும்.