வேப்பமரத்தடி மட்டும் ஏன் குளிர்ச்சி?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். சென்ற வருடம் வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் ஷீட் போட்டுச் சின்னதாக ஒரு கொட்டகை இறக்கியிருக்கிறார்கள், கோடையில் எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்று. ஆனால் அவருடைய அப்பா மதியச் சாப்பாடு முடிந்ததும் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறாராம். "ஷீட்டுக்கு அடியில் ஒரு பொட்டு வெயில்கூட இறங்குவதில்லை. மரத்தடியிலோ அங்கங்கே வெயில் சில்லுச் சில்லாக விழுகிறது. இருந்தும் மரத்தடிதான் குளிர்ச்சி. நிழலில்கூட ரகம் உண்டா?"

உண்டு. அதற்கு ஒரு வெப்பமானியை இரண்டு இடத்திலும் தொங்கவிட்டுப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காற்றின் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. நம் உடம்புக்கு வெப்பம் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டினால் தொடாமலே சுடுகிறதே, அதுபோல நம்மைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் ஷீட்டின் அடிப்பக்கம் 60 டிகிரி வரை போகலாம். அப்படிப் போனால் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 700 வாட் வெப்பம் கீழே இறங்குகிறது. 36 டிகிரியில் இருக்கும் இலையிலிருந்து வருவதோ 515 வாட்டுக்குப் பக்கம். கொட்டகையில் உட்காருபவரின் தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோசைக்கல் இருக்கிறது. அப்பா அதிலிருந்துதான் எழுந்து போகிறார்.

சரி, அப்படியானால் உண்மையான கேள்வி இதுதான்: அதே வெயிலில், அதே மணிநேரம் காய்ந்த இலை ஏன் 60 டிகிரிக்குப் போகவில்லை? மதியம் 2 மணிக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லைத் தொட்டுப் பாருங்கள், பிறகு பக்கத்தில் இருக்கிற வேப்பிலையைத் தொட்டுப் பாருங்கள். கல் சுடும், இலை சுடாது.

இதில் இரண்டு காரணங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வெயிலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதில் பெரும்பகுதியை இலை வாங்கிக்கொள்வதே இல்லை, திருப்பி அனுப்புகிறது அல்லது ஊடுருவ விட்டுவிடுகிறது. இன்னொன்று, வேப்பிலை மெலிந்த சின்ன இலை. லேசாகக் காற்று அசைந்தாலே அதன் சூடு கரைந்துவிடும். அகலமான வாழை இலைக்கு அந்த வசதி குறைவு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காதது. இலை வியர்க்கிறது.

1724 ஜூலை மாதம் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து நீர் நேராக ஆவியாகாதபடி தொட்டியை மூடிவிட்டு, காலையும் மாலையும் எடை போட்டார். ஒரு பகலில் செடி இழந்தது சராசரியாக அரை லிட்டர் அளவு தண்ணீர். மூன்றரை அடிச் செடிக்கே இவ்வளவு! வளர்ந்த மரம் ஒன்று நாளுக்கு 100 லிட்டர் விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதே ஒரு கிராம் 30 டிகிரியிலேயே ஆவியாக 580 கலோரி வேண்டும். 100 லிட்டருக்குக் கணக்குப் போட்டால், ஒன்றரை டன் ஏசி கிட்டத்தட்ட 13 மணிநேரம் முழு வேகத்தில் ஓடி வெளியேற்றும் வெப்பம். மரம் திறந்த வெளியில் நிற்பதால் இந்தக் குளிர்ச்சியில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது என்பதும் உண்மை. ஆனால் இலை சூடேறாமல் இருக்கிறதே, நமக்கு அதுதான் வேண்டும்.

இந்த வியர்வை வெளியேறும் வாசல் இலைத்துளை. இலையின் அடிப்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் வாழைப்பழ வடிவில் ஒவ்வொரு காப்புச் செல். நரம்பு இல்லை, தசை இல்லை, கட்டளை போட மூளை இல்லை. பிறகு கதவு எப்படித் திறக்கிறது?

இரண்டு நீளப் பலூன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் மாட்டு வண்டிச் சக்கரத்துப் பட்டை மாதிரி, நெருக்கமாக நூல் வளையங்களைச் சுற்றுங்கள். இனி ஊதினால் பலூன் பருக்க முடியாது, நீளத்தான் முடியும். இப்போது இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, இரு முனைகளிலும் சேர்த்துக் கட்டிவிட்டு ஊதுங்கள். நீள இடமில்லாமல் இரண்டும் வெளிப்பக்கம் வில்லாக வளையும், நடுவில் ஒரு வழி திறக்கும். காப்புச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் இப்படித்தான் வளையம் வளையமாக ஓடுகின்றன. விடியற்காலை வெளிச்சத்தில் இருக்கும் நீல நிறம் பட்டதும் செல் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது, பொட்டாசியம் அயனிகள் உள்ளே வருகின்றன, உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் நகரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடுபரவல்படி தண்ணீர் பின்னாலேயே நுழைகிறது. உள்ளே ஏறும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல 10 மடங்கைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு சொச்சம்தான். கதவு திறக்கிறது. உப்பையும் தண்ணீரையும் நூல் வளையங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, உலகத்துக் காடுகளும் வயல்களும் தினமும் காலையில் இப்படித்தான் திறக்கின்றன. நுண்ணோக்கியில் இதை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் சாப்பாட்டுக்குப் போக மறந்துபோனேன்.

மண் காய்ந்தால் இதே கதை தலைகீழாக ஓடும். அப்சிசிக் அமிலம் என்ற பொருள் செடிக்குள் சுரக்கும், பொட்டாசியம் வெளியேறும், தண்ணீரும் கூடவே போகும், செல்கள் தொய்ந்து துளை மூடிக்கொள்ளும். உயிர் பிழைக்கச் செடி வியர்வையை நிறுத்திக்கொள்கிறது. அப்புறம் இலை சூடேறத்தான் செய்யும். வேம்பு பங்குனி, சித்திரையில் தளிர்த்துப் பூவும் விடுகிறது, சுட்டெரிக்கிற காலத்தில்! வேர் ஆழத்தில் ஈரத்தைப் பிடித்திருப்பதால்தான் அது முடிகிறது. ஆழ வேர் இல்லாத பூசணியும் செம்பருத்தியும் மதியத்தில் துவண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு அதிகாலையிலோ சாயங்காலமோ வேருக்குத் தண்ணீர் விட்டால் வீணாவது குறைவு. மதியம் தெளித்தால் நீர்த்துளி லென்ஸாக வேலை செய்து இலையைப் பொசுக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010-இல் சோதித்துப் பார்த்தபோது வழவழப்பான இலைகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. துளியை உயரத்தில் தாங்கிப் பிடிக்கும் ரோமம் உள்ள இலைகளில்தான் தீய்ந்த தடம் தெரிந்தது.

வாசகி கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார். அப்பா இரவிலும் மரத்தடியிலேயே படுத்துவிடுகிறார், அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள், கெடுதலா? இரவில் மரமும் நம்மைப்போல மூச்சு விடுகிறது, கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆனால் அது மிகக் குறைவு, திறந்த கொல்லையில் உடனே கலைந்தும் போகும். அதைவிடப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் விடும் மூச்சு அதிகம். இரவில் இலைகளைக் கூப்பிக்கொண்டு நிற்கும் பாவப்பட்ட புளியமரத்துக்குப் பேய்ப் பட்டம் கட்டியதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அதேபோல இன்ன மரம் இரவிலும் ஆக்சிஜன் விடும் என்று பரவுகிற செய்தியையும் நம்ப வேண்டாம். வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் ஆக்சிஜன் தயாரிப்பதில்லை. கட்டிலுக்கு மேலே காய்ந்த கிளை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொசுவலை கட்டுங்கள்.

நம் தெருக்களில் எந்த மரம் எவ்வளவு குளிர்விக்கிறது, மதுரையின் வறண்ட காற்றில் எப்படி, சென்னையின் ஈரக்காற்றில் எப்படி என்று வருடக்கணக்கில் அளக்க வேண்டும். அதற்கு ராக்கெட் அளவு பணம் வேண்டாம். ஆனால் 2020-21 கணக்குப்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய நாட்டில், மரத்தடியில் வெப்பமானி கட்டுகிற ஆளுக்குப் பணம் வந்துசேர்வது கடைசியில்தான். சாலை அகலப்படுத்தும்போது ஒரு மரத்தை வெட்டுவதால் எவ்வளவு இழக்கிறோம் என்று எண்ணோடு சொல்ல ஆள் இல்லாமல் போவது இதனால்தான்.

கொட்டகையைப் பிரிக்க வேண்டியதில்லை. ஷீட்டின் மேல் சாக்கோ வலையோ விரித்து, ஒரு சாண் இடைவெளி விட்டுப் பந்தல் கம்பி இழுத்துக் கோவைக்கொடியை ஏற்றிவிடுங்கள். பீர்க்கு என்றால் தையில் விதை போட வேண்டும், சித்திரைக்குள் மூடிவிடும். துணி அலசின தண்ணீர் வேருக்குப் போகிற மாதிரி வாய்க்கால் வெட்டிவிடுங்கள், சோப்பு அதிகம் இல்லாத கடைசி அலசல் தண்ணீர் மட்டும். இலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் காற்று ஓட அந்த ஒரு சாண் இடைவெளி கண்டிப்பாக இருக்கட்டும்.