கலர் பெட்டியைப் பீரோ மேலிருந்து கீழே இறக்குங்கள்

பென்சில் பிடிக்கத் தெரியவில்லை, எழுதச் சொன்னால் அழுகிறான் என்று நாலு, நாலரை வயசுக் குழந்தைகளை என்னிடம் கூட்டி வருகிறார்கள். நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது, பொத்தான் போடுவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். வீட்டில் கிரேயான், களிமண், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பெரிய கலர் செட்டாக, மேலுறைகூடப் பிரிக்காமல், பீரோ மேலே இருக்கிறது. "கொடுத்தா உடைச்சிடுவான் மேடம், கொஞ்சம் பெரியவனானதும் கொடுக்கலாம்னு வச்சிருக்கோம்" என்பார்கள். அதே குழந்தையைத்தான் எல்கேஜியில் நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள்.

மூன்று வயதுக் குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், பெரியவர்களுக்கு இருக்கிற எட்டுச் சிறு எலும்புகளில் இரண்டோ மூன்றோதான் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒன்றரை வயசில் குழந்தை கிரேயானை முஷ்டியால் பிடிக்கும், தோள் முழுக்க அசைத்துக் கிறுக்கும். மூன்றரை, நாலு வாக்கில்தான் மூன்று விரல் பிடிப்பு வர ஆரம்பிக்கும், அப்போதும் கை மொத்தமும் சேர்ந்தே அசையும். விரல்கள் மட்டும் தனியாக அசைந்து எழுதுவதற்கு ஐந்து, ஆறு வயசு ஆகிவிடும். இந்த இடைப்பட்ட வருஷங்களில் கைக்குப் பலம் கொடுப்பது கிறுக்குவதும் கிழிப்பதும் பிசைவதும் ஒட்டுவதும்தான்.

ஒரு குழந்தை பழைய பேப்பரைக் கிழிப்பதைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். முதலில் இரண்டு கையாலும் இழுக்கும், கிழியாது. அப்புறம் எப்படியோ ஒரு கையை முன்னாலும் இன்னொரு கையைப் பின்னாலும் தள்ளக் கண்டுபிடிக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் அழுத்திப் பிடிக்கும், கண் அந்தக் கிழிசலை விட்டு நகராது. ஒரு கை பிடிக்க, இன்னொரு கை வேலை செய்ய வேண்டும் என்பதை அந்தக் கை அங்கேதான் படிக்கிறது. பின்னால் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் நோட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுதுவதற்கும் வேண்டியது இதுதான். "வீணாக்காதே" என்று நாம் பிடுங்குவது அந்த நேரத்தில்தான்.

கிரேயான் உடையட்டும். உடைந்த துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும், அதனால் நாங்களே தெரபியில் வேண்டுமென்று உடைத்துத்தான் கொடுக்கிறோம். சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டி நின்றபடி வரையவிட்டால் மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் வளைந்து நிற்கும், எழுதுவதற்கும் அந்த நிலைதான் வேண்டும்.

கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, கையை எடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து மாம்பழத்துக்கு மஞ்சள் அடி, கோட்டுக்கு வெளியே போகாதே, இது என்ன யானையா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது உங்கள் படமாகிவிடும். மூன்று வயசுக் குழந்தைக்குப் பல நேரம் படமே நோக்கம் இல்லை, கை போகிற பக்கமெல்லாம் கோடு வருகிறதே என்பதுதான் சந்தோஷம். எல்லாவற்றின் மேலும் கறுப்பைப் பூசுகிறாள், மனசில் ஏதாவது பிரச்சினையா என்று பயந்து கேட்கும் அம்மாக்கள் உண்டு. பெரும்பாலும் வெள்ளைத் தாளில் கறுப்புதான் பளிச்சென்று தெரிகிறது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இருக்காது.

சுதந்திரம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. மூன்று வயசுக்குக் கீழே மணி, பொத்தான், சம்கி, பொம்மைக்கு ஒட்டுகிற சின்னக் கண்கள் எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குட்டிக் காந்த உருண்டைகளை எந்த வயசுச் சின்னக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்: இரண்டை விழுங்கிவிட்டால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி போட்ட பொருள்களும் அப்படியே, விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயசுக்குச் சப்பாத்தி மாவும் பீட்ரூட் சாறும் போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

வீடு அழுக்காகும், உண்மைதான். தரையில் பழைய பெட்ஷீட்டை விரியுங்கள், அல்லது குளிக்கப் போகும் முன்னால் பாத்ரூம் டைல்ஸில் வாட்டர் கலரைப் பூசவிட்டு அப்படியே குளிப்பாட்டிக் கழுவிவிடுங்கள். சில குழந்தைகளுக்குக் கையில் பிசுபிசுப்பு பட்டாலே ஆகாது, அலறிவிடும். அந்தக் கையைப் பிடித்துப் பசையில் அழுத்தாதீர்கள். ஜிப் கவரில் பெயின்டை ஊற்றி நன்றாக மூடி, மேலே இருந்து அழுத்தி விளையாடக் கொடுங்கள், அடுத்து பிரஷ், அப்புறம் ஒரு விரல், அவர்கள் வேகத்தில் வரட்டும்.

ஒன்றரை வயசுக்குள்ளேயே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தி இன்னொன்றைச் சும்மா வைத்திருந்தாலோ, இதையெல்லாம் தாராளமாகக் கொடுத்தும் ஐந்து வயசு நெருங்கும்போது முஷ்டிப் பிடிப்பு மாறவில்லை என்றாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு கையும் நன்றாக வேலை செய்து, வரைய மட்டும் இடது கை முன்னால் வருகிறது என்றால் அதை மாற்ற வேண்டாம். இடக்கைக்காரர்களுக்கென்றே முனை மழுங்கிய கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள்.